சேந்தன்வலசையில் சாலை திரும்பிய எட்டு நாள்

சேந்தன்வலசை முத்துமாரிக்குக் காப்புக் கட்டிய செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் காலை, நீலச்சங்கு ரிசார்ட்டின் பதினாலாம் நம்பர் அறையில் தங்கியிருந்த பெங்களூர்க்காரர் ஹர்ஷவர்தன், பதினொரு மணிக்கு மதுரையில் பிளைட் என்று மனைவியை அவசரப்படுத்தி, பெட்டிகளைக் காரில் ஏற்றி, கேட்டைத் தாண்டி, ஊருணியைத் தாண்டி, பனந்தோப்பைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியபோது எதிரே நீலச்சங்கு ரிசார்ட்டின் கேட் நின்றது. வாட்ச்மேன் எழுந்து சல்யூட் வைத்தான். ஹர்ஷவர்தன் முதல் தடவை போனில் இருந்த மேப்பைத் திட்டினார். இரண்டாம் தடவை ரோடு போட்டவனைத் திட்டினார். மூன்றாம் தடவை மனைவியைத் திட்டினார். நான்காம் தடவை அந்த அம்மா, தோல் டாக்டர், மாளவிகா என்று பெயர், காரை விட்டு இறங்கி, நீங்கள் சுற்றிக்கொண்டே இருங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு ஊருணிக் கரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடி, காப்புக் கட்டியாச்சுல்ல, இனி அடுத்த செவ்வாய்க்கிழமைதான் போக முடியும் என்று பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. அம்மனுக்குக் காப்புக் கட்டுகிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் இருந்தாலும், அந்த மண்ணில் பிறந்தவரோ, வளையல் விற்க வந்தவரோ, வழி கேட்க வண்டியை நிறுத்தியவரோ, எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் எல்லையைத் தாண்டி ஓர் இரவு தங்கக் கூடாது. பிறகு வருகிறவர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது, வரலாம், போகலாம். மற்ற ஊர்களில் பயந்து பயந்து கடைப்பிடிக்கிறார்கள். சேந்தன்வலசையில் மீறிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை, அதனால் மீறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவும் தெரியாது. இப்போது தெரிந்தது. சாலை கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும், அவ்வளவுதான். கடல் வழியாகப் போய்ப் பார்க்கலாம் என்று படகில் ஏறிய டச்சுக்காரத் தம்பதியும் அரைமணி நேரத்தில் அதே கரையில் வந்து இறங்கினார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, ரோட்டை இரண்டு தடவை அளந்து, டீ குடித்து, ரோட்டில் பழுது ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு நேராகத் திரும்பிப் போனார். அவர் புதன்கிழமை வந்தவர், அவரைச் சாலை ஒன்றும் செய்யவில்லை.

சாலை திரும்பியது ஊருக்கு ஆச்சரியமே இல்லை. ரிசார்ட்காரர்களுக்காகத் திரும்பியதுதான் ஆச்சரியம். ஏழு வருஷத்துக்கு முன் கடற்கரையோரம் பத்தடி உயரத்துக்குச் சுவர் எழும்பியதிலிருந்து அதை ஊர்க் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்பதைக்கூட மறந்ததுபோல் நடந்துகொண்டார்கள். அன்று மத்தியானம் கோயில் முன்னால் கூடி உட்கார்ந்து, ஆளுக்கொரு காரணம் சொல்லிப் பார்த்து, ஒன்றும் ஒட்டாமல் போகவே, ஊர்த் தலைவரான அம்பலம் ராக்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாமதான் அந்த இடத்தை ஊரு இல்லைன்னு தள்ளி வச்சோம், ஆத்தா தள்ளி வைக்கலபோல என்றார். பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. நம்ம ஊர்க்காரர்கள் என்று ஆகிவிட்ட பிறகு நம்ம ஊர்க்காரர்களாக வைத்துப் பார்க்க வேண்டாமா? காப்புக் காலத்தில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, கட்டிலில் படுக்கக் கூடாது, வீட்டுக்கு ஒரு முளைப்பாரி எடுக்க வேண்டும். அவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது? எத்தனை பாய் வேண்டும்? சும்மா சொல்லக் கூடாது, பத்தடிச் சுவரை ஏழு வருஷம் பார்த்து வயிறு எரிந்தவர்கள், மாட்டிக்கிட்டாங்கடா என்று ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்கவில்லை. அந்த ஊரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருப்பது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

சாயங்காலம் முளைப்பாரி வீட்டுப் பொறுப்புக்காரி சேதம்மாள், பெண்களைக் கூட்டிக்கொண்டு, மண்ணும் எருவும் வைக்கோலும் நிரப்பிய சட்டிகளைச் சுமந்து ரிசார்ட் கேட்டுக்கு வந்தாள். ஆள் தங்கியிருந்த அறை பத்தொன்பது, ஆகவே பத்தொன்பது வீடு, பத்தொன்பது சட்டி. ஒவ்வொரு அறைப் பெண்ணும் வந்து மொச்சையும் தட்டாம்பயறும் பாசிப்பயறும் கலந்த விதையைத் தன் கையால் தூவ வேண்டும். கேட்டுக்கு உள்ளே நின்று ஒவ்வோர் அறையாகக் கூப்பிட்டு, அவரவர் மொழியில் விளக்கிச் சொன்னவள் ரிசார்ட்டின் மேனேஜர் நம்புவள்ளி. சட்டிகளை அவளும் எண்ணினாள். பத்தொன்பதுதான் இருந்தது.

நம்புவள்ளி அந்த ஊரில் பிறந்தவள். சேதம்மாள் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டி, மதினி. கல்யாணமாகி மூன்றாம் வருஷமே புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ரிசார்ட் கட்டி முடித்த கையோடு அங்கே படுக்கை விரிப்பு துவைக்கிற வேலைக்குச் சேர்ந்து, இங்கிலீஷ் படித்து, ஹிந்தி படித்து, கம்ப்யூட்டர் படித்து, மேனேஜர் நாற்காலி வரைக்கும் வந்தவள். அந்த வேலை அவளுக்கு உயிர். எந்த அறையில் எந்த விருந்தாளிக்குத் தலையணை உயரம் பிடிக்காது என்பதுவரை அவளுக்குத் தெரியும். ஆனால் சுவர் எழும்பிய வருஷம், முளைப்பாரி ஊர்வலம் எப்போதும்போலக் கடலுக்கு நேர்வழியில் வந்தபோது, ஊர்ப்பெண் சொன்னால் ஊர் கேட்கும் என்று முதலாளி சென்னையிலிருந்து போனில் சொன்னதைக் கேட்டு, கேட்டுக்கு உள்ளே நின்று, இந்த வழியா விட முடியாது, சுத்திப் போங்க என்று சொன்னவளும் அவள்தான். தலையில் ஏற்றிய முளைப்பாரியைத் தண்ணீரில் விடுகிறவரைக்கும் கீழே இறக்கக் கூடாது. அறுபது பெண்கள் சட்டியைத் தலையில் வைத்தபடி, சூடு பறக்கிற தார் ரோட்டில், நாலு மைல் சுற்றி வேறு கரைக்குப் போனார்கள். சேதம்மாளுக்கு உள்ளங்கால் கொப்பளித்து ஒரு மாதம் நடக்க முடியவில்லை. யாரும் நம்புவள்ளியைத் திட்டவில்லை. அடுத்த வருஷம் காப்புக் கட்டுக்குத் தண்டோரா போட வந்தவர் எல்லா வீட்டு வாசலிலும் நின்று அடித்தார், அவள் வீட்டு வாசலில் மட்டும் அடிக்காமல் நடந்து போனார். அதன் பிறகு அவள் வீட்டைப் பூட்டிவிட்டு ரிசார்ட் குவார்ட்டர்ஸோடு இருந்துவிட்டாள்.

புதன்கிழமை காலை ஹர்ஷவர்தனின் கார் ஐந்தாம் தடவை திரும்பி வந்த பிறகு, சாலை என்னதான் செய்கிறது என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டியிருந்ததால், நம்புவள்ளி ஸ்கூட்டரை எடுத்தாள். உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது, அதை மறைக்க முடியாது. காப்புக் கட்டும்போது அவளும் எல்லைக்குள்தான் இருந்தாள். ஊருணி, பனந்தோப்பு, உப்பளம், வாய்க்கால் பாலம். பாலத்தில் ஏறி இறங்கினாள். எதிரே கேட் இல்லை. சாலை நேராகப் போனது. கருவேலங்காடு வந்தது, ரயில்வே கேட் வந்தது, ராமநாதபுரம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வேலை ஒன்றும் இல்லாமல், மாதுளம்பழம் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினாள். சாலை பெங்களூர்க்காரரைப் பிடித்தது, டச்சுக்காரரைப் பிடித்தது, ஹைதராபாத்திலிருந்து தேனிலவுக்கு வந்த சின்னஞ்சிறுசுகளைப் பிடித்தது, கும்பகோணத்துச் சமையல்காரரைப் பிடித்தது, அவளை மட்டும் போ என்று விட்டுவிட்டது. மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து விருந்தாளிகளின் பிளைட் டிக்கெட்டையெல்லாம் அடுத்த புதன்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தாள்.

விருந்தாளிகள் இரண்டு நாள் குதித்தார்கள், மூன்றாம் நாள் அடங்கினார்கள், நான்காம் நாள் சண்டை போட ஆரம்பித்தார்கள், யார் சட்டியில் முளை பெரிது என்று. கட்டிலை விட்டு இறங்கிக் கோரைப்பாயில் படுத்த ஹர்ஷவர்தனுக்கு, பத்து வருஷமாகப் பிடித்திருந்த முதுகுவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. பெயர்களெல்லாம் ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை, ஆகையால் பதினாலாம் நம்பர் வீட்டம்மா, ஏழாம் நம்பர் வீட்டு மாப்பிள்ளை, மூணாம் நம்பர் வீட்டு வெள்ளைக்காரர் என்றே கூப்பிட்டார்கள், அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மூணாம் நம்பர் வீட்டு வெள்ளைக்காரர் கோயில் கஞ்சிக்கு விறகு பிளந்தார். சாலை விடவில்லையே என்று சமையல்காரர் சவுந்தரராஜன் ஒரு நிமிஷமும் வருந்தவில்லை, கடுகு தாளிக்க முடியவில்லையே என்றுதான் உருகினார். எட்டு நாளும் தாளிக்காத குழம்பைக் கரண்டியில் எடுத்து மோந்து பார்த்து, இதையெல்லாம் குழம்புன்னு சொன்னா எங்க அப்பா சாமி என்னைச் செருப்பால அடிப்பாரு என்று புலம்பினார். ஆனால் ஊர்க் கஞ்சியை மட்டும் மூன்று கிண்ணம் வாங்கிக் குடித்தார். கிராமத்து அனுபவம் என்று பெயர் வைத்து, மாட்டுவண்டி ஒன்றைப் புல்வெளியில் நிறுத்தி, அதில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொள்ள ரிசார்ட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. இப்போது அந்த வண்டியில் கோயில் வேட்டிகள் காய்ந்தன.

விளக்கு வைக்கிற நேரத்தில் முளைப்பாரி வீட்டு வாசலில் கும்மி நடக்கும். மாளவிகா முதல் நாள் ஓரமாக நின்று போனில் படம் எடுத்தார். இரண்டாம் நாள் போனை யாரிடமோ கொடுத்துவிட்டு வட்டத்துக்குள் வந்தார். அடி தப்பித் தப்பி ஆடி, ஐந்தாம் நாள் தப்பாமல் ஆடினார். ஆடி முடித்த பிறகு வட்டத்தில் நின்ற பெண்களின் கைகளைப் பிடித்துப் பார்த்து, உப்பளத்துத் தண்ணீரில் வெடித்த விரல்களுக்கு என்ன தடவ வேண்டும் என்று ஒவ்வொருத்திக்கும் சொல்வார். அந்த மருந்துகளையெல்லாம் ராமநாதபுரத்திலிருந்து வாங்கி வந்து கொடுத்தவள் நம்புவள்ளி. அவள் கும்மிக்கு வரமாட்டாள். தினமும் காலையில் ஸ்கூட்டரை எடுப்பாள். இன்றைக்காவது திரும்பு என்று பாலத்தில் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். சாலை நேராகவே போகும். விருந்தாளிகள் போகவேண்டும் என்று எந்தத் தெய்வத்தை வேண்டினார்களோ அதே தெய்வத்தைத்தான் அவள், என்னைப் போகவிடாதே என்று வேண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துப் பையை முளைப்பாரி வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியவளை, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்த சேதம்மாள் நிறுத்தினாள். ஏழு வருஷத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

"வள்ளி, தெனமும் வண்டிய எடுத்துக்கிட்டுப் போறியாமே. உப்பளத்துல பாத்தவுக வந்து சொன்னாக. எதுவரைக்கும் போற?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள் நம்புவள்ளி. வரவில்லை.

"ராமநாதபுரம் வரைக்கும் மதினி. எனக்கு ரோடு திரும்பல. நேத்து வந்தவுகளையெல்லாம் ஆத்தா பிடிச்சு வச்சுக்கிட்டா. இங்கேயே பொறந்த என்னைய வேணாம்னுட்டா."

சேதம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். எட்டு நாளும் அந்த இருட்டு அறைக்குள் சூரியன் படாமல் முளைகளை வளர்க்கிறவள், அதிகம் பேசிப் பழக்கமில்லாதவள்.

"அவுகளையெல்லாம் ரோடு கூட்டிக்கிட்டு வருது. ஒன்னைய யாருடி தெனமும் கூட்டிக்கிட்டு வாரா?"

சேதம்மாள் பதிலுக்குக் காத்திருக்காமல், முளைகளுக்குத் தண்ணீர் தெளிக்க உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி போன் செய்தார். சென்னையிலிருந்து கிளம்பி ராமநாதபுரம் வந்து ஒரு லாட்ஜில் இருக்கிறாராம். ஊருக்குள் வரமாட்டாராம், மாட்டிக்கொண்டால்? இப்போது வருகிறவர்களுக்குக் கட்டு இல்லை சார் என்று அவள் எத்தனை சொல்லியும் நம்பவில்லை. இந்த வருஷம் ஊர்வலம் இந்த வழியாக வரப்போவதாகக் கேள்விப்பட்டேன், நீச்சல்குளத்து ஓடு ஒவ்வொன்றும் இத்தாலியிலிருந்து வந்தது, நூற்றுக்கணக்கான பேர் மண்ணோடு மிதித்தால் என்ன ஆவது, கேட்டைப் பூட்டி இரண்டு சாவியையும் மூன்று மணிக்குள் என் கையில் கொண்டுவந்து கொடு, உன்னால்தான் வெளியே வர முடிகிறதே என்றார். கொண்டுவரவில்லை என்றால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்.

அவள் பூட்டினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பத்தொன்பது வீட்டுப் பெண்களும் ஊருக்குள் சட்டி எடுக்கப் போயிருந்த நேரம், பெரிய பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்து, இரண்டு சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். துவைக்கிற கல்லிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் ஏறி வந்த தூரம் அவளுக்குத்தான் தெரியும், அதை நாம் லேசாகப் பேசிவிடக் கூடாது. ஊருணி, பனந்தோப்பு, உப்பளம். பாலத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தினாள். பின்னால் குலவைச் சத்தம் கேட்டது, முளைப்பாரியைத் தலையில் ஏற்றிவிட்டார்கள். முன்னால் சாலை, என்றைக்கும்போல, ஒரு வளைவும் இல்லாமல் நேராக ராமநாதபுரத்தைப் பார்த்துக் கிடந்தது. இந்தத் தடவையாவது தானாகத் திரும்பிவிட்டால் முதலாளியிடம் சொல்ல ஒரு சாக்குக் கிடைக்குமே என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். திரும்பவில்லை. எத்தனை நேரம் நின்றாலும் அது திரும்பப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு காலை ஊன்றி, ஹேண்டில்பாரை ஒடித்து, அவளே வண்டியைத் திருப்பினாள்.

ஊர்வலம் கேட்டுக்கு வந்து நின்றிருந்தது. ஊர்ப் பெண்கள் அறுபது பேர், அறைப் பெண்கள் பத்தொன்பது பேர், எல்லோர் தலையிலும் வெளிச்சம் படாமல் வெளுத்து நீண்டு வளர்ந்த முளைகள் காற்றில் ஆடின. பூட்டைப் பார்த்தும் யாரும் சுற்றிப் போகக் கிளம்பவில்லை. நம்புவள்ளி ஸ்கூட்டரைக் கீழே சாய்த்துவிட்டு ஓடிவந்து பூட்டைத் திறந்து, கேட்டின் இரண்டு கதவையும் சுவரோடு ஒட்டும்வரை தள்ளினாள். வாட்ச்மேன் எழுந்து வந்து, மேடம், முதலாளி கேட்டா என்ன சொல்றது என்றான்.

"நான் தொறந்தேன்னு சொல்லு. எம் பேரையும் ஊரையும் சேத்துச் சொல்லு."

உள்ளே வழி தெரிந்தவர்கள் அறைப் பெண்கள்தான், அதனால் மாளவிகா முன்னால் நடந்தார். புல்வெளி, நீச்சல்குளம், தென்னை வரிசை, பிறகு மணல். ஏழு வருஷமாகக் காணாத கரையில் கால் பட்டதும் ஊர்ப் பெண்கள் போட்ட குலவையில் பறவைகளெல்லாம் எழும்பின. இத்தாலி ஓட்டின் மேல் சேந்தன்வலசை மண் அப்பிக் கிடந்தது, அது அங்கே நன்றாகத்தான் இருந்தது. சட்டி இல்லாத நம்புவள்ளி எல்லோருக்கும் பின்னால் வெறுங்கையோடு வந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். முளைகளைக் கடல் வாங்கிக்கொண்டது. ராக்கப்பன் அம்பலம் கோயிலுக்குத் திரும்பி, வீடு வீடாகப் பெயர் சொல்லி விபூதி கொடுத்து, பத்தொன்பது அறைகளையும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டு முடித்து, காப்பை அவிழ்த்தார். நம்புவள்ளி வீட்டைக் கூப்பிடவில்லை. அந்த வருஷம் அவள் வீட்டுக்கு முளைப்பாரி கிடையாதே, எதை வைத்துக் கூப்பிடுவார்?

பொழுது சாய்வதற்குள் கார்கள் வரிசையாகக் கிளம்பின. முதலில் போன ஹர்ஷவர்தன் ராமநாதபுரத்திலிருந்து போன் செய்து, ரோடு நேராகிவிட்டது என்று சொன்னார், குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஒவ்வொரு காரும் பாலத்தைத் தாண்டி மறைந்தது, ஒன்றும் திரும்பி வரவில்லை. கடைசியில் நம்புவள்ளி பெயர் பொறித்த பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தன் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, சாவியை முதலாளி கையில் ஒப்படைத்துவிட்டு, அப்படியே மதுரைக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று ஸ்கூட்டரை எடுத்தாள். அவளுக்கு வேலையும் போயிற்று, ஊரும் கூப்பிடவில்லை, இனி இருந்து என்ன செய்ய?

ஊருணி, பனந்தோப்பு, உப்பளம். பாலத்தில் ஏறும்போது இந்தத் தடவை அவள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. இறங்கியபோது எதிரே விரியத் திறந்த கேட் இருந்தது, உள்ளே புல்வெளிக்கு அப்பால் கடல் தெரிந்தது.

வழி மறந்து எங்கேயோ திருப்பிவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடி போனாள். மறுபடி கேட். மூன்றாம் தடவை நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டி, ஒவ்வொரு பனையாக எண்ணிக்கொண்டு போனாள், பாலத்தின் கைப்பிடிச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினாள். கேட்டுக்கு முன்னால் சேதம்மாள், நனைந்த சேலையைப் பிழிந்தபடி நின்றிருந்தாள்.

"அவுகளுக்கெல்லாம் காப்ப அவுத்தாச்சு," என்றாள் சேதம்மாள். "ஒனக்கு இப்பத்தான் கட்டியிருக்கு. பைய எடு, வீட்டுக்குப் போவோம்."

நம்புவள்ளியால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ஊருணி வரைக்கும் கேட்க, வாய்விட்டு அழுதாள். இடுப்பில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.